விதானையார்: ஒரு காவற்பெயரின் வரலாறு

தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையிடம் வெள்ளவத்தை வீடொன்றில் மூத்தவர்கள் இன்றும் கேட்கும் கேள்வி, ‘விதானையாரிட்டைக் கையெழுத்து வாங்கியாச்சோ?’ என்பதுதான். படிவத்தில் அச்சாகியிருப்பது கிராம உத்தியோகத்தர். அரசாங்கம் விதானைப் பதவியை ஒழித்தது 1963இல். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், இல்லாத பதவியின் பெயர் இருக்கும் ஆளின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பின் வந்த பெயர்களெல்லாம் அரசிதழிலும் படிவத்திலும் நின்றுவிட, விதானையார் மட்டும் வாயில் நிற்கிறார். ஒரு காலத்தில் இலங்கைத் தீவின் சிற்றூர்க் காவல் முழுவதையும் சுமந்த இந்தப் பெயரை, சொல்லில் சுவை காணும் உங்களோடு சேர்ந்து, வெங்காயத்தின் தோலை உரிப்பதுபோல் வெளியிலிருந்து உள்ளே உரித்துப் பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முதலில் உரிவது ‘ஆர்’. தந்தையார், தமையனார், புலவனார் என உயர்வு குறித்து ஒட்டும் அதே ஈறு, இங்கே யகர உடம்படுமெய்யோடு விதானையின் தோளில் கைபோடுகிறது. ஆள் எதிரில் நிற்கையில் விதானையார்; ஆள் போன பிறகு, அதிலும் மனத்தில் ஒரு வழக்கு கனன்றுகொண்டிருந்தால், வெறும் விதானை; பலரானால் விதானைமார். விதானைக்கு மேலிருந்த உடையார் என்ற பதவிப்பெயரிலும் ஆர் உண்டென்றாலும் இரண்டும் ஒன்றல்ல. உடையாரிலிருந்து ஆரைக் கழற்றினால் எஞ்சுவது வெறும் ‘உடை’, அதில் ஆளே இல்லை. அங்கே ஆர் சொல்லின் எலும்பு. விதானையாரில் அது தோளில் போட்ட சால்வை, எடுத்தாலும் ஆள் நிற்பார்.

அடுத்து ஐகாரம். சிங்களத்தில் இச்சொல் ‘விதானே’ என ஏகாரத்தில் முடிகிறது. தமிழ் நாக்கு அந்த ஏகாரத்தை ஐகாரமாக்கிக்கொண்டது. இது ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்த தற்செயல் அன்று. மாலா மாலையானதும், சபா சபையானதும், கலா கலையானதும் இந்த வழியில்தான். வடமொழி ஆகார ஈற்றைத் தமிழாக்கிய அதே பட்டறையில் சிங்கள ஈறுகளும் பிற்காலத்தில் அச்சு வாங்கின. கொழும்பின் ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், காது தானே கண்டுகொள்ளும்: வெள்ளவத்த வெள்ளவத்தை, மருதான மருதானை, தெஹிவல தெஹிவளை, தெமட்டகொட தெமட்டகொடை. ஒல்லாந்தர் காலத்துப் பெருந்தலைவர் திசாவகூடத் தமிழில் திசாவைதான். நான் வாழும் நுகேகொடையும் அப்படிப் பிறந்த பெயரே. சிங்களத்தில் ‘நுக’ என்பது ஆலமரம். வடமொழி நியக்ரோதம் பாளியில் நிக்ரோதமாகி, சிங்களத்தில் தேய்ந்து தேய்ந்து இரண்டே எழுத்தாகச் சுருங்கிய சொல் அது. ‘கொட’ என்பது மேட்டுநிலம். ஆலமேடு என்று பொருள்படும் அந்தப் பெயருக்குத் தமிழ் ஓர் ஐகாரத்தைத் தந்ததும், யாரோ ஈந்த கொடைபோல் அது நம் காதில் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. பொருளால் கொடைக்கும் கொடவுக்கும் உறவில்லை. ஒலியால் உறவு கொண்டாடும் உரிமையைக் காது எடுத்துக்கொள்கிறது.

கொட்டாஞ்சேனையை இந்த இடத்தில் விட்டுச்செல்ல மனம் வரவில்லை. சிங்களத்தில் அது கொட்டஹேன. ‘ஹேன’ என்பது காடு வெட்டி எரித்துச் செய்யும் பயிர்ச்செய்கை; தமிழில் சேனை. சிங்களத்தில் பழைய சகரம் ஹகரமாகத் தேய்வது வழக்கம். தமிழ்ப் பெயரிலோ சகரம் அப்படியே நிற்கிறது. அயல்வீட்டார் மறந்த ஒலியை நம் வீட்டுப் பெயரொன்று காத்துவைத்திருக்கிறது.

ஐகாரத்தையும் உரித்தால் கைக்கு வருவது ‘விதான’. இங்கே தமிழெழுத்து நம்மைக் கொஞ்சம் தடுமாறச் செய்யும். தமிழில் விதானம் என்றால் பலருக்கும் முதலில் தோன்றுவது மேற்கட்டி, சாமி எழுந்தருளும்போது மேலே விரியும் துணிப்பந்தல். பரப்புதல் என்னும் பொருளில் வரும் வடசொல் அது. இன்னொரு விதானம் ஏற்பாடு, முறை, கட்டளை என்னும் பொருளது. விதி என்ற சொல்லோடு ஒரே வேரிலிருந்து கிளைத்தது. மூலத்தில் ஒன்றின் நடுவெழுத்து வல்லொலி, மற்றதன் நடுவெழுத்து மூச்சோடு கூடிய மெல்லிய ஒலி. நம் தகரம் இரண்டையும் ஒரே உருவில் எழுதிவிடுகிறது. விதானையார் பிறந்தது பந்தலிலிருந்து அன்று, கட்டளையிலிருந்து. சிங்களத்தில் இன்றும் விதானய என்றால் கட்டளைதான்.

இப்போது இந்தப் பெயரின் உள்ளீட்டுக்கு வந்துவிட்டோம். கட்டளை என்பது ஒரு செயல்; விதானை என்பவர் ஓர் ஆள். செயலின் பெயர் ஆளுக்கு எப்படி வந்தது? அதிகாரத்திலிருந்து அதிகாரி வந்ததுபோல் இடையில் ஓர் இகரம்கூட இல்லை. இது தமிழர்க்குப் புதிய கணக்கு அன்று. தூது என்பது செய்தியும் ஆகும், அதைக் கொண்டுசெல்பவரும் ஆவார். ஒற்று என்பது வேவும் ஆகும், வேவுகாரரும் ஆவார். அமைச்சு என்பது பணியையும் பணியாளரையும் சேர்த்துக் குறிக்கும். திருக்குறளின் பொருட்பால் அதிகாரத் தலைப்புகளை நினைத்துக்கொண்டாலே போதும்: அமைச்சு, தூது என்றுதான் நிற்கின்றன, அமைச்சர், தூதர் என்றல்ல. அரசாட்சி சார்ந்த பணிகளில் செயலே ஆளாகிவிடும் இந்த ஆகுபெயர் நம் மொழிக்குப் பழகிய ஒன்று. ஆகவே கட்டளை என்று பொருள்படும் ஒரு சொல் மனிதராக நடந்து வந்தபோது தமிழ் அதைக் கண்டு விழிக்கவில்லை. ஓர் ஐகாரத்தால் வீட்டுக்குள் அழைத்து, ஓர் ஆரால் நாற்காலி போட்டது.

விதானைமார் வெள்ளைக்காரருக்கு முந்தியவர்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வரி தண்டவும் ஆள் திரட்டவும் அவர்களையே நம்பினார்கள். தம் ஏடுகளில் இந்தப் பெயரைத் தத்தம் நாவுக்கேற்ப எழுதிவைத்தார்கள். ஆனால் காவல் என்ற பொருள் இச்சொல்லில் சட்டப்படி ஏறியது 1806இல். அவ்வாண்டின் 6ஆம் இலக்க ஒழுங்குவிதி, ஓர் ஊருக்கோ சில ஊர்களுக்கோ ‘பொலிஸ் விதானை’ என்ற தலைவரை நியமித்துக் குற்றத்தைத் தடுக்கவும் துப்புத் துலக்கவும் பணித்தது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்குச் சட்டவலு தந்த 18ஆம் இலக்க ஒழுங்குவிதியும் அதே ஆண்டினது. பொலிஸ் என்ற முன்னடை சும்மா வந்ததன்று. வயலுக்கு நீர் பங்கிடும் விதானை ஒருவர் ஏற்கெனவே இருந்தார். சிங்களத்தில் அவர் வெல்விதானே, மட்டக்களப்புத் தமிழில் வட்ட விதானை. நீர்த்திருட்டை விசாரிப்பவரையும் மாட்டுத்திருட்டை விசாரிப்பவரையும் பிரித்தறியவே முன்னடை வேண்டியிருந்தது. வட மாகாணத்தில் மணியகாரர், அவருக்குக் கீழ் உடையார், அவருக்குக் கீழ் விதானையார் என்று படி இறங்கியது. கொழும்பைச் சூழ்ந்த தாழ்நாட்டில் முதலியார், முகாந்திரம், விதானை ஆராச்சி என்று வேறு படிகள்.

பொலிஸ் விதானையின் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதற்கு நம் பேச்சுவழக்கே சாட்சி. மாடு விற்றால் குறிசுட்ட அடையாளம் பார்த்து உறுதிப்படுத்த விதானையார் வேண்டும். கிணற்றில் பிணம் மிதந்தால் மரண விசாரணை அதிகாரி வரும்வரை காவல் நிற்க விதானையார் வேண்டும். வேலிச் சண்டையில் மண்டை உடைந்தால் முதலில் ஓடும் இடம் அவர் வளவு. கள்ளனைப் பிடித்துக் கட்டிவைத்தால் பொலிஸ் நிலையத்துக்கு, அதுவும் பல கட்டை தொலைவிலுள்ள நிலையத்துக்கு, கூட்டிக்கொண்டு நடப்பவரும் அவரே. அங்கிருந்து வழக்கு நீதிமன்றமாகிய ‘கோடு’ ஏறும்; தண்டனை விழுந்தால் ‘மறியல்’. மறித்து வைப்பதால் மறியல் என்ற இந்தத் தூய தமிழ்ச்சொல் தமிழகத்தில் சாலையை மறிக்கும் போராட்டமாகிவிட, ஈழத்தில் சிறையாக நிலைத்து, விளக்கமறியல் என்னும் அழகிய சட்டச்சொல்லையும் ஈன்றிருக்கிறது. விசாரணை முடியும்வரை, உண்மை விளங்கும்வரை வைக்கும் மறியல்! இதைவிடத் தெளிவாக அந்த நிலையை எந்தச் சொல்லால் சொல்லமுடியும்? சீருடையோ துவக்கோ இல்லாமல், நெடுங்காலம் நிலையான சம்பளமும் இல்லாமல், ஊர் மதிப்பையே கோலாகப் பிடித்து நடந்த காவல் அது. அந்த மதிப்பைச் சிலர் தமக்கும் தம் உறவுக்கும் சாதகமாக வளைத்தார்கள் என்பதும் ஊரறிந்த உண்மை. சால்வையாகிய ஆர் சிலபோது கழன்றதற்குக் காரணமும் அதுவே.

கொழும்பு நகருக்குள் காவலின் பெயர்கள் வேறு தடத்தில் நடந்தன. 1659இல் ஒல்லாந்தர் ஆட்சியில் இரவுக்காவலுக்கு நான்கு படைவீரரை அமர்த்தியதையே இலங்கைப் பொலிஸ் தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்கிறது. கோட்டையின் வடக்கு வாயிலிலும், கோட்டையையும் பேட்டையையும் இணைக்கும் வழியிலும், பேட்டையின் கெய்மன் வாயிலிலும் காவல்நிலைகள் எழுந்தன. கெய்மன் என்பது ஒல்லாந்தர் வாயில் முதலை. அன்று அங்கே அகழி நீரில் முதலைகள் கிடந்ததன் எச்சம் அந்தப் பெயர். புறநகருக்கோ, கொழும்புத் திசாவையின் ‘மடுவ’ எனப்பட்ட அலுவலகமே பொலிஸ் நிலையமாகவும் இருந்தது. மடுவ என்றால் சிங்களத்தில் கொட்டகை. நாம் மாட்டு மடுவம், இறைச்சி மடுவம் என்று சொல்லிவரும் மடுவம் அதுவே.

1806இல் நகரம் 15 பிரிவுகளாகிப் பிரிவுதோறும் கான்ஸ்டபிள்மார் வந்தனர். 1832இல் ஆளுநர் அமைத்த குழுவின் வழி உருவான கொழும்புப் படையில் ஓர் அத்தியட்சகர், ஒரு தலைமைக் கான்ஸ்டபிள், ஐந்து கான்ஸ்டபிள், பத்துச் சார்ஜன்ட், 150 பியூன் என்று எண்ணிக்கை காட்டுவார்கள். இந்தப் பட்டியல் எனக்குக் காவலரின் கணக்காகத் தெரிவதைவிடச் சொற்களின் அணிவகுப்பாகவே தெரிகிறது. பியூன், போர்த்துக்கேய மொழியில் காலாள், காலால் நடப்பவன். சார்ஜன்ட், இலத்தீனில் ஊழியம் செய்பவன். கான்ஸ்டபிள், குதிரை லாயத்துக்குப் பொறுப்பான பெருமகன். அமெரிக்கச் சிறுநகரங்களில் பழைய நாளில் தெருச்சண்டை விலக்கியும் கள்குடியரை அடைத்தும் காவல் செய்த மார்ஷல், பழைய செருமானிய மொழியில் குதிரைக்கு ஊழியஞ்செய்பவன். அதே நாட்டு ஷெரிப், பழைய ஆங்கிலத்தில் கோட்டத்து மேற்பார்வையாளன், ஏறத்தாழ நம் மணியகாரர். மார்ஷலைத் தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் குதிரைச்சேவகன் என்று வரும். அந்தத் தொடர் நம் சைவ மரபில் யாருக்குரியதென்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை: மாணிக்கவாசகருக்காக நரிகளைப் பரியாக்கி ஓட்டிவந்த இறைவனுக்கு. சேவகன் வடமொழியில் பணிசெய்பவன்தான். தமிழில் நுழைந்ததும் அவன் வீரனானான், சேவகம் வீரமாயிற்று. பணிவைப் பெருமிதமாக மாற்றிக்கொண்ட இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள், திரும்பவும் வரும்.

1866 செப்டம்பர் 3ஆம் நாள் பம்பாய் மாகாணத்து இரத்தினகிரியிலிருந்து வில்லியம் இராபர்ட் கம்பெல் வந்து தலைமை ஏற்றார். அந்த நாளே இன்றும் பொலிஸ் நாள். பொலிஸ் என்ற சொல் அதற்குள் தீவெங்கும் வேரூன்றிவிட்டது. கிரேக்கத்தில் நகர் என்னும் பொருளுடைய ‘பொலிஸ்’. அதிலிருந்து நகராட்சிமுறை என்னும் பொருளில் ஒரு சொல். அது இலத்தீன் வழி பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் வந்து காவலாயிற்று. தமிழகம் ஆங்கில ஒலிப்பின் அழுத்தத்தைக் கேட்டு இரண்டெழுத்தையும் நீட்டிப் போலீஸ் என்றது. இலங்கைத் தமிழ் இரண்டையும் குறுக்கிப் பொலிஸ் என்றது. சிங்களமும் தொடர்ச்சொற்களில் அப்படியே குறுக்குகிறது. குறுகியதில் ஒரு வியப்பு நேர்ந்தது. ஏதென்சு நகரத்தார் தம் ஊரை எப்படிச் சொன்னார்களோ, அந்த ஒலிக்கு மிக அணுக்கமாக, ஏதும் திட்டமிடாமலே, நம் எழுத்து போய்ச்சேர்ந்துவிட்டது. களத்தில் நெற்குவியலைக் குறிக்கும் பொலியும், முகத்தில் மலரும் பொலிவும் அந்தச் சொல்லுக்கு உறவாகா என்றாலும், உழவர் வாயில் பொலி என்ற சொல் பிறக்கும்போது உண்டாகும் இனிமையை இந்த இரவல் சொல் கொஞ்சம் திருடிக்கொண்டதென்றே என் காது சொல்கிறது.

இங்கும் பாருங்கள், நகராட்சிமுறை என்ற செயலின் பெயர்தான் ஆளாகியிருக்கிறது. விதானைக்கு நேர்ந்ததே பொலிசுக்கும் நேர்ந்தது. தமிழ் விதானைக்குச் செய்ததையே பொலிசுக்கும் செய்தது. ‘பொலிசார் விசாரணை’ என்று நாளேடுகள் நாள் தவறாமல் எழுதும் தொடரில், கிரேக்க நகரின் தோளில் தமிழ் ஆர் கைபோட்டு நிற்கிறது. மூன்றாவதாக ஆராச்சி. சிங்கள ஊர்த்தலைமையில் பெருகி, இன்று எத்தனையோ சிங்களக் குடும்பப்பெயர்களில் நிற்கும் இச்சொல் தமிழ் ஆராய்ச்சியின் வடிவே என்று கொள்வோர் பலர். எனக்கும் அதுவே ஒப்பு. ஆராய்ச்சி இன்று நூலகத்துக்குள் அடங்கிவிட்டது. முன்பு அது முறைகேட்டை ஆராயும் செயல். மனுநீதிச் சோழன் வாயிலில் தொங்கியது ஆராய்ச்சி மணி. அனுராதபுரத்தில் ஆண்ட எல்லாளனுக்கும் அப்படியொரு மணி இருந்ததாக மகாவம்சம் சொல்கிறது. நாம் சிங்களத்திடமிருந்து விதானையை வாங்கினோம், சிங்களம் நம்மிடமிருந்து ஆராச்சியை வாங்கியது. இரண்டுமே செயல், இரண்டுமே காவல், இரண்டுமே ஆளானவை. விதானை ஆராச்சி என்று கொழும்புப் புறத்தில் ஒரே பதவியில் இரண்டும் சேர்ந்து வழங்கியபோது, அந்தக் கொடுக்கல்வாங்கல் ஒரே மனிதரின் பெயரில் நிலுவையின்றித் தீர்ந்தது.

நமக்கென்று காவல் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ‘கா’ என்ற ஓரெழுத்து வேரிலிருந்து காப்பும் காவலும் காவலனும் எழுந்தன; சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று ஊர்க்காவலுக்கு வரியே உண்டு; பாளையக்காரர் நாட்டில் தேசகாவல், தலக்காவல் என்று உரிமைகள் உண்டு. ஈழத்தில் அந்தச் சொல் பதவியில் நிற்பதைவிட ஊர்ப்பெயரில் உறுதியாக நிற்கிறது. ஊர்காவற்றுறை! காவலோடு துறை புணர, லகரமும் தகரமும் கூடி றகர இரட்டையாகும் புணர்ச்சியை வாய் நிறையச் சொல்லவைக்கும் பெயர் அது. தமிழகத்தில் பொலிசுக்கு இன்று காவல்துறை என்று பெயர். உறுப்புகள் இரண்டும் அவையே. ஒன்று புணர்ந்து கப்பல் வரும் துறையாகவும், மற்றது புணராமல் அரசின் துறையாகவும் கடலின் இரு கரையிலும் நிற்கின்றன.

1963இல் விதானைக்குப் பதில் கிராம சேவகர் வந்தார். தமிழில் வீரனாகிவிட்ட சேவகன் சிங்களத்தின் வழி பணியாளனாகத் திரும்பி வந்தான். அந்தப் பெயரும் நீடிக்கவில்லை. கிராம நிலதாரி, கிராம உத்தியோகத்தர், கிராம அலுவலர் என்று பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. நகரத்து இளையோர் ஜீ.எஸ். என்று இரண்டு ஆங்கில எழுத்தில் அழைக்கிறார்கள். அந்த எழுத்துகளும் சேவகரைச் சுருக்கியவைதாம். காவலின் நிழல் அந்தப் பதவியைவிட்டு முற்றாக நீங்கவுமில்லை: 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், அரசாங்க அதிபர் எழுத்துமூலம் பொலிஸ் கடமைக்கு நியமிக்கும் கிராம அலுவலரையும் சமாதானம் காப்போரின் கூட்டத்தில் சேர்த்தது.

போர்க்காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்து தங்கியவர்களுக்கு இரண்டு பெயர்களும் ஒருசேரத் தேவைப்பட்டன. கொழும்பில் தங்கப் ‘பொலிஸ் பதிவு’. ஊரில் இருப்பவரென்று காட்ட ‘விதானையாரின் கடிதம்’. முன்னதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்ததையும், பின்னதைச் சொல்லும்போது ஊரின் ஆதரவு குரலில் ஏறியதையும் கேட்டவர்கள், பொருள் ஒன்றேயானாலும் இரண்டு சொற்களின் வெம்மை வேறென்று அறிவார்கள். படிவத்துப் பெயர்கள் மாறியபோதெல்லாம் இந்தப் பெயர் மாறாததற்கு நான் காணும் காரணம் அதுதான். மற்றவை பதவிக்கு இட்ட பெயர்கள். விதானையார் முகமறிந்த ஒருவரை அழைத்துப் பழகிய பெயர்.

வயற்பக்கத்து விதானைக்கும் முடிவு எழுதப்பட்டது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வெல்விதானேயின் பொறுப்பைப் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் கொடுத்தது. ஆனால் கிழக்கில் வாய்க்காலுக்கு நீர் திறக்கும் நாளைப் பற்றிப் பேச்செடுத்தால், அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் உழவர்கள் இப்போதும் வட்ட விதானையைக் கேட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள்.